வெனிஸ்: அம்மாவோடு கடந்த பாலங்கள்

வெனிஸ் பயணத்துக்காக நான் பட்டியல் போட்டபோது மறந்துபோன ஒன்று, அம்மாவின் முழங்கால் வலி.

சாண்டா லூசியா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே சாலை இல்லை, தண்ணீர்தான். இந்தப் பழைய நகருக்குள் கார், பேருந்து, மோட்டார் சைக்கிள் எதுவும் ஓடுவதில்லை. நூற்றுக்கும் அதிகமான சிறு தீவுகளை நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் இணைக்கின்றன. கீழே படகுகள் போக வேண்டும் என்பதால் பாலங்கள் உயர்ந்து வளைந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றில் படி ஏறி, படி இறங்கியாக வேண்டும்.

முதல் பாலத்தின் உச்சியிலேயே அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“இன்னும் எத்தனை பாலம்டா?”

எண்ணிக்கையை நான் சொல்லவில்லை. ஒரே நாளில் பத்து இடங்கள் என்ற என் திட்டம் அங்கேயே கைவிடப்பட்டது.

மறுநாள் நடப்பதைக் குறைத்துக்கொண்டு படகுப் பேருந்தில் ஏறினோம். அதை ‘வாப்பொரெட்டோ’ என்கிறார்கள். கொண்டோலா படகில் அரை மணி நேரம் போகப் பகலில் 90 யூரோ. அந்தச் செலவு இல்லாமலே, 1ஆம் எண் படகு பெருங்கால்வாய் முழுவதையும் சுற்றிக் காட்டிவிடுகிறது. இருபுறமும் பழைய வணிகக் குடும்பங்களின் மாளிகைகள். வாசற்படிகள் நேராகத் தண்ணீருக்குள் இறங்குகின்றன. சேற்றுக்குள் நெருக்கமாக அடித்து இறக்கிய மரக்கம்பங்கள்தான் இவற்றுக்கு அடித்தளம். காற்றுப் படாமல் அடியில் புதைந்திருப்பதால் அவை எளிதில் மக்குவதில்லை.

1591இல் கட்டி முடிக்கப்பட்ட ரியால்டோ பாலத்தருகே இறங்கினோம். பக்கத்துச் சதுக்கத்தில் ஒரு மருந்தகம். அதன் கண்ணாடிச் சன்னலில் ஓர் எண் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

“என்னடா அது, விலையா?”

“இல்லம்மா. இந்தத் தீவுகள்ல குடியிருக்கிறவங்க எண்ணிக்கை.”

ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. 1950களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 1,75,000 பேர் வாழ்ந்த நகரம் இது.

“நம்ம தோ பாயோவிலேயே இதைவிட அதிகம் பேர் இருப்பாங்களே!” என்றார் அம்மா.

அடுத்தது புனித மார்க் சதுக்கம். ஐந்து குவிமாடங்களைக் கொண்ட தேவாலயத்துக்குள் சுவரும் கூரையும் பொன்னிறக் கண்ணாடிச் சில்லுகளால் மின்னுகின்றன. நகரின் தாழ்வான பகுதிகளுள் இந்தச் சதுக்கமும் ஒன்று. 2019 நவம்பர் 12ஆம் தேதி இரவு கடல் மட்டம் 187 சென்டிமீட்டர் வரை உயர்ந்தபோது தேவாலயத்துக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. கடல்வாயில்களில் பொருத்தப்பட்ட 78 இரும்புத் தடுப்புகள், 2020 முதல் பெரிய அலையேற்றங்களின்போது உயர்த்தப்படுகின்றன.

அங்கிருந்து படகில் ஒரே நிறுத்தம், எதிர்க்கரையில் சாண்டா மரியா டெல்லா சலூத்தே தேவாலயம். ‘சலூத்தே’ என்றால் உடல்நலம். 1630இல் பரவிய கொள்ளைநோய் நகர மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரைக் கொண்டுபோனது. நோய் நீங்கினால் ஆலயம் எழுப்புவதாக நகர ஆட்சியாளர்கள் வேண்டிக்கொண்டார்கள். அது 1687இல்தான் புனிதப்படுத்தப்பட்டது. வடிவமைத்த லொங்கேனா அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். இன்றும் நவம்பர் 21ஆம் தேதி வெனிஸ்வாசிகள் இங்கு வந்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள்.

“மாரியம்மனுக்கு நாம வேண்டிக்கிற மாதிரிதான்,” என்றார் அம்மா. வாசலில் அத்தனை படிகள். ஒரு வார்த்தையும் முணுமுணுக்காமல் ஏறினார். உள்ளே ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நெடுநேரம் நின்றார். கொவிட் காலத்தில் அப்பா மருத்துவமனையில் இருந்த கடைசி நாள்களில் அம்மாவால் அருகில் இருக்க முடியவில்லை. அதைப் பற்றி அவர் வீட்டில் பேசியதே இல்லை. அன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மாலையில் ஒரு நாள் பயணிகள் கூட்டம் ரயிலேறிவிட, தங்குவிடுதிக்குப் பக்கத்தில் இருந்த சிறு சதுக்கம் உள்ளூர்க்காரர்களுடையதானது. நடுவில் ஒரு பழைய கல் கிணறு. மழைநீரை மணலில் வடிகட்டிச் சேமித்த காலத்து மிச்சம். அதைச் சுற்றிப் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். காய்கறித் தள்ளுவண்டியோடு வந்த ஒரு பாட்டி எங்கள் நீள்இருக்கையில் அமர்ந்து தன் முழங்காலைத் தடவினார். அம்மாவும் தன் முழங்காலைக் காட்டினார். மொழி தெரியாத இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

“படி ஏற முடியாமப் போச்சுன்னா இவங்க எங்கடா போவாங்க?” என்று கேட்டார் அம்மா. மருந்தகச் சன்னலில் பார்த்த எண் நினைவுக்கு வந்தது.

வெனிஸ் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஓரிரவாவது தங்குங்கள். பெற்றோரை அழைத்துச் சென்றால், படகு நிறுத்தத்துக்கும் விடுதிக்கும் இடையே எத்தனை பாலங்கள் என்று முன்பே பாருங்கள்.

கிளம்பிய காலையில் அதே பாட்டி பாலத்தடியில் நின்றிருந்தார். அவருடைய தள்ளுவண்டியை மறுகரையில் வைத்துவிட்டு, எங்கள் பெட்டியை எடுக்கத் திரும்பினேன். அதற்குள் அம்மா தனியாகப் பாதிப் படிகள் ஏறியிருந்தார்.