உள்ளும் புறமும்

உழவர்கரை, பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரியைச் சார்ந்த கொம்யூன்களுள் ஒன்றாக விளங்கியது. அக்காலத்தில் புதுச்சேரி நிலம் ஒரே பரப்பாக அமைந்திருக்கவில்லை. தமிழகச் சிற்றூர்களின் இடையிடையே சிதறிக் கிடந்தது. 1954 நவம்பர் 1 ஆம் நாள் ஆட்சி கைம்மாறுவதற்கு முன், எல்லைகளில் சுங்கச் சாவடிகள் இருந்தன. சாவடிக் காவலன் எத்துணை விழிப்புடையவனாயினும், எவ்வூர் உள்ளே, எவ்வூர் வெளியே என்பதை அறியானாயின் அவன் காவல் பயன்படாது. கணிப்பொறி வலையமைப்பின் காவலுக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

வலையமைப்பின் வாயிலில் நின்று, வரும் தரவுகளை ஆராய்ந்து, தீயனவற்றைத் தடுக்கும் காவலுக்கு ஊடுருவல் தடுப்பு முறைமை என்று பெயர். 1998 இல் மார்ட்டின் ரோஷ் என்பவர் உருவாக்கிய ஸ்னார்ட் என்னும் மென்பொருள் இவ்வகையில் புகழ்பெற்றது. இதன் விதிகள் பல்லாயிரம். ‘இன்ன இடத்திலிருந்து இன்ன இடத்திற்குச் செல்லும் தரவில் இன்ன அடையாளம் காணப்படின் தடுக்க’ என்பது விதியின் வடிவம்.

ஒவ்வொரு விதியிலும் முகவரிகளையே எழுதி வைத்தால், ஒரு முகவரி மாறும்போது விதிகள் அனைத்தையும் திருத்த நேரும். ஆதலின், காக்க வேண்டிய முகவரிகளுக்கு ‘ஹோம்_நெட்’ என்றும், புறத்தே உள்ளவற்றிற்கு ‘எக்ஸ்டெர்னல்_நெட்’ என்றும் பெயரிட்டு, விதிகளில் அப்பெயர்களையே வழங்குவர். இப்பெயர்கள் மாறிகள் எனப்படும். இவற்றின் பொருளை அமைப்புக் கோப்பில் ஓரிடத்தில் திருத்தினால் போதும். விதிகள் அனைத்தும் அதனைப் பின்பற்றும். ஓரிடத்தில் செய்த பிழையும் அவ்வாறே எங்கும் பரவும்.

உழவர்கரையில் ஒரு மருத்துவமனை, புதிய ஆய்வுக்கூடம் ஒன்றைக் கட்டிக் கணிப்பொறிகளை நிறுவுவதாகக் கொள்வோம். அவற்றின் முகவரிகளை ‘ஹோம்_நெட்’டில் சேர்க்க மறந்தால், அவற்றைத் தாக்க வரும் தரவு விதிகளுக்கு அகப்படாது, காவல் இருந்தும் கதவு திறந்தே கிடக்கும். இதற்கஞ்சி, ‘எல்லா முகவரிகளும்’ எனப் பொருள்படும் ‘எனி’ என்ற சொல்லை இட்டு விடுவாரும் உளர். அப்போது தேவையற்ற ஆய்வு பெருகும். பொய் எச்சரிக்கைகள் மலியும். மருத்துவருக்குச் செல்லும் நோயாளியின் குறிப்பே தடுக்கப்படவும் கூடும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. ‘உள்ளே அல்லாதன யாவும் புறம்’ என்று மட்டும் வகுத்தால், உள்ளேயுள்ள ஒரு கணிப்பொறி கெட்டு மற்றொன்றைத் தாக்கும்போது, புறத்தை நோக்கிய விதிகள் வாளாவிருக்கும். 2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகள் தாக்குண்டு முடங்கின. நோயாளிகளின் பதிவுகளைக் கையால் எழுத நேர்ந்தது. வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாமையே இதற்குக் காரணம் என 2023 இல் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. உள்ளேயும் பகுதிகளை வகுத்து, அவற்றிற்குத் தனித்தனி மாறிகளை அமைத்து, இடையே காவல் வைப்பதன் இன்றியமையாமை இதனால் விளங்கும்.

ஆகவே, வலையமைப்பில் மாறுதல் நிகழுந்தோறும் மாறிகளையும் திருத்துதல் வேண்டும். திருத்திய கோப்பைச் சோதித்த பின்னரே நடைமுறைப்படுத்துதல் வேண்டும். திருத்தியவர் யார், எந்நாளில், எக்காரணத்தால் என்பதையும் குறித்து வைத்தல் வேண்டும். காக்கப்படுவது எது என்பதைத் தெளிவுற வரையறுப்பதே காவலின் முதற்படியாகும்.