சைக்கிளில் போனால் இடுப்பு வலிக்கிறதா?



தாத்தா ஓட்டிய கறுப்பு ராலி சைக்கிள் இன்னும் சிலர் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. "அதுல உட்கார்ந்தா நாற்காலியில உட்கார்ந்த மாதிரி" என்பார் அப்பா. மகனோ பழைய ரேஸ் சைக்கிள் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்குகிறான். இரண்டே நாளில், "கை மரத்துப் போச்சுப்பா" என்கிறான். அப்பாவுக்கோ இடுப்பு வலி. இதற்கெல்லாம் வயதைக் குறை சொல்லாதீர்கள். முதலில் சைக்கிளைப் பாருங்கள்.

பக்கவாட்டில் நின்று, சீட்டைத் தாங்கும் குழாயைக் கவனியுங்கள். கறுப்புச் சைக்கிளில் அது நன்றாகப் பின்னால் சாய்ந்து, தரையோடு சுமார் 67, 68 பாகையில் இருக்கும். ரேஸ் சைக்கிளில் 72 முதல் 74 பாகை வரை நிமிர்ந்திருக்கும். ஐந்தாறு பாகைதானே என்று நினைக்காதீங்க. உங்கள் உடம்புப் பாரம் எங்கே இறங்குகிறது என்பதை அதுவும் கைப்பிடியின் உயரமும்தான் தீர்மானிக்கின்றன.

சாய்ந்த சட்டத்தில், உயர்ந்த கைப்பிடியைப் பிடித்து நிமிர்ந்து உட்காருகிறோம். பாரம் பெரும்பாலும் சீட்டின் மேல். 28 அங்குலச் சக்கரமும், முன்னால் வளைந்து நீண்ட கவையும் செம்மண் சாலையின் குண்டு குழியை ஓரளவு தாங்கிக்கொள்ளும். மிச்ச அதிர்ச்சி நேராக முதுகெலும்பில் ஏறும். சீட்டுக்கு அடியில் பெரிய ஸ்பிரிங் வைத்தது அதற்காகத்தான். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். பள்ளம் வந்தால் மிதியில் ஊன்றிச் சற்றே எழுந்துகொள்ளுங்கள்.

ரேஸ் சைக்கிளில் குனிந்து ஓட்டுவதால் பாரத்தில் ஒரு பங்கு கைக்குப் போகிறது. தார் சாலையில் சொன்னபடி திரும்பும். கல் ரோட்டில் ஒவ்வொரு கல்லும் கையில் தெரியும். உள்ளங்கை நரம்பு அழுந்தினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். முழங்கையை லேசாக மடக்கி, பிடியை அடிக்கடி மாற்றுங்கள்.

எந்தச் சைக்கிளானாலும் சீட் உயரம் சரியாக இருக்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்து, கீழே இறங்கிய மிதியில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் சற்று மடங்கியிருக்கும். சீட் தாழ்வாக இருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். உயரமாக இருந்தால் இடுப்பு இருபுறமும் ஆடி வலி எடுக்கும்.

நாளெல்லாம் குலை வெட்டி, சுமந்து களைத்த முதுகு அது. வீட்டுக்குப் போகும் வழியிலும் அதை வதைக்கலாமா? ஒரு ஸ்பேனரும் ஐந்து நிமிடமும் போதும்.

ஆனால், இடுப்பு வலியோடு கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டாலோ அது சைக்கிள் விஷயமல்ல. தைலம் தேய்த்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.