பள்ளியறையில் ஒரு தொலைக்காட்சி நிலையம்

எம் சிறுவயதில் தெருவுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தாலே பெரிது. வெள்ளிக்கிழமை மாலையானால் அவ்வீட்டுத் திண்ணையில் இடம் பிடிக்க ஓடுவோம். பார்ப்பது ஒன்றே எமக்குத் தெரிந்திருந்தது. எதைக் காட்டினர், எதை விட்டனர் என்று கேட்க எவரும் கற்பித்தாரில்லை.

அமெரிக்க நாட்டு உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் தொலைக்காட்சித் தயாரிப்பு ஒரு பாடமாகவே இருந்து வருகிறது. கணிதத்திற்கு மணியடிப்பது போல் இதற்கும் மணியடிக்கிறது. மதிய உணவு என்ன, நேற்றைய பந்தாட்டத்தில் வென்றது யார் என்று பள்ளி முழுவதும் காலையில் காணும் அறிவிப்பு நிகழ்ச்சியைப் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளே தயாரிக்கின்றனர்.

திரையில் தோன்றுபவர் ஓரிருவரே, உழைப்பவர் பலர். இயக்குநராகிய மாணவி கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து, எந்தக் கேமராவின் காட்சி வெளியே செல்ல வேண்டும் என்று ஆணையிடுவாள். அவள் குரலைக் காதில் மாட்டிய கருவியில் கேட்டு நிற்கும் தள மேலாளன், 'ஐந்து, நான்கு, மூன்று' என்று உரக்கச் சொல்லி, இரண்டையும் ஒன்றையும் விரலால் மட்டுமே காட்டுவான், ஒலிவாங்கி திறந்துவிடுமன்றோ! முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையும் கடைசி வரிசைப் பிள்ளையும் அங்கே ஒருவரையொருவர் நம்பியே தீரவேண்டும்.

கேமராவுக்கு வெண்மை எதுவென்று தானாகத் தெரியாது. மின்விளக்கில் மஞ்சளாகவும் பகலொளியில் நீலமாகவும் காட்டிவிடும். ஆதலின் ஒரு வெள்ளைத்தாளை அதன் முன் பிடித்து, 'இதுவே வெள்ளை' என்று அறிவுறுத்திய பின்னரே படம் எடுக்கப் பழக்குகின்றனர். தானே சரிசெய்துகொள்ளும் கருவிகள் வந்துவிட்டன எனினும் அவற்றை முழுவதும் நம்புவதற்கில்லை.

கடினமான பாடம் படத்தொகுப்பில் இருக்கிறது. பத்து நிமிடம் பேசியவரின் பேச்சை ஒரு நிமிடமாக்க வேண்டும். வெட்டிய இடத்தில் படம் துள்ளும். அதை மறைக்கப் பேசுபவரின் கைகளையோ சுவரில் தொங்கும் கடிகாரத்தையோ அவ்விடத்தில் ஓடவிடுவர். பார்ப்பவர் வெட்டை அறியார். 'எங்கள் ஆசிரியர் கடுமையானவர், ஆனால் நீதியுள்ளவர்' என்று ஒருவன் சொல்ல, முதற்பாதியோடு நிறுத்திவிட்டால்? சொன்னது பொய்யில்லை, சொல்லப்பட்டதும் அதுவன்று.

இத்தகைய குறை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. அது அச்சிதழைப் பற்றியது எனினும், பாடத்தின் அங்கமாகப் பள்ளியின் பெயரால் வெளிவரும் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கும் அதே நியாயம் பொருந்துகிறது. 1983 மே மாதம், மிசூரி மாநிலத்து ஹேசல்வுட் கிழக்கு உயர்நிலைப் பள்ளியில், இதழியல் வகுப்பு மாணவர்கள் தயாரித்த ஏட்டிலிருந்து தலைமையாசிரியர் இரண்டு பக்கங்களை நீக்கினார். ஒரு கட்டுரை மாணவியர் கருவுறுதல் பற்றியது. மற்றொன்று பெற்றோரின் மணமுறிவு பற்றியது. பின்னதில் ஒரு மாணவி தன் தந்தையைக் குறைகூறியிருந்தாள். மறுமொழி சொல்ல அத்தந்தைக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை என்பது தலைமையாசிரியர் கூறிய காரணங்களுள் ஒன்று. 1988 ஜனவரி 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் பள்ளிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. கலிபோர்னியா மாநிலமோ 1977-லேயே மாணவர் கருத்துரிமைக்கு இதனினும் விரிந்த காப்பளிக்கும் சட்டம் இயற்றியிருந்தது.

எம் கருத்தை மறைப்பானேன்? இரு பக்கங்களையும் முழுமையாகப் பிடுங்கியது முறையன்று. குறையற்ற வேறு கட்டுரைகளும் அவற்றோடு போயின. பள்ளியாண்டு முடியும் தறுவாயில் திருத்த நேரமில்லை என்று தலைமையாசிரியர் கருதினார். ஒரு நாள் பொறுத்திருக்கலாம். ஆயினும் அத்தந்தையின் பக்கத்தில் நின்று பாருங்கள். ஊரார் படிக்க மகள் குற்றம் சாட்டுகிறாள். இவரை ஒரு சொல் கேட்பாரில்லை. அச்சில் இது துயரமென்றால், மகளின் முகமும் குரலும் திரையில் தோன்றும்போது எப்படியிருக்கும்?

கேமராவும் படத்தொகுப்பும் கைப்பேசியிலேயே அடங்கிவிட்ட இந்நாளில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இவ்வேலையைச் செய்கின்றனர், வகுப்பும் ஆசிரியரும் இன்றி. அப்படியொரு வகுப்பை நடத்தும் பொறுப்பு எமக்கு வாய்த்தால், அந்த ஒரு நிமிடப் படத்தோடு, வெட்டி ஒதுக்கிய ஒன்பது நிமிடத்தையும் கொண்டுவரச் சொல்வோம். முதலில் அந்த ஒன்பது நிமிடத்தையே பார்ப்போம்.