வயிற்றுப் பொருமலுக்குப் பேதி எடுக்கலாமா?

சாப்பிட்டுச் சிறிது நேரத்தில் வயிறு ஊதிவிடுகிறது. ஏப்பமும் வாயுவும் ஓய்வதில்லை. பசியும் இல்லை. இது வாரக்கணக்கில் நீடிக்கும்போது, “குடலில் அழுக்குச் சேர்ந்துவிட்டது, ஒருமுறை பேதி எடுத்தால் எல்லாம் சரி” என்ற ஆலோசனை அயலிலிருந்து உடனே கிடைக்கும். ஆமணக்கெண்ணெய், நிலாவரை, பேதியுப்பு, நேர்வாளம் சேர்ந்த குளிகை என இதற்குப் பல வழிகள் எம்மிடையே உண்டு. ஆசனவாய் வழியாகக் குழாய் செலுத்தி, தண்ணீரால் குடலைக் கழுவும் முறையும் உண்டு. இவற்றில் இறங்குமுன் நாம் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தருகிறோம்.

குடல் கரிபிடித்த பானை அல்ல

பானையின் அடியில் கரி பிடிப்பதுபோலக் குடலில் அழுக்கு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. குடலின் உட்சவ்வு சில நாட்களுக்கு ஒருமுறை தானாகவே புதுப்பிக்கப்படுகிறது. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள், சமிபாடடையாத உணவைப் புளிக்கச் செய்வதால் வாயு உண்டாகிறது. பேதி எடுத்தால் குடல் வெறுமையாகி, ஓரிரு நாள் வயிறு இலேசாக இருக்கும். மீண்டும் உண்ணத் தொடங்கியதும் வாயுவும் திரும்பிவிடும். பொருமலுக்கான காரணம் அப்படியே இருக்கும்.

பெருங்குடலைக் கருவி மூலம் பார்வையிடுமுன் வைத்தியசாலையில் பேதிமருந்து கொடுப்பது உண்மைதான். அது குடலைத் தெளிவாகப் பார்ப்பதற்கான ஆயத்தமே தவிர, பொருமலுக்கான சிகிச்சை அல்ல.

பேதியால் வரக்கூடிய தீங்குகள்

1. பேதியோடு உடலிலுள்ள நீரும் உப்புக்களும் வெளியேறுகின்றன. இவை மிகவும் குறைந்தால் தலைசுற்றும், கைகால் குரண்டும், இருதயத் துடிப்புக் குழம்பும். வெய்யிலில் வேலை செய்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

2. சிறுநீரகம் பழுதடைந்தவருக்குப் பேதியுப்பிலுள்ள மக்னீசியம் உடலிலே தங்கி நஞ்சாகலாம். வட மத்திய மாகாணத்திலும் அதை அண்டிய வவுனியாவின் சில பகுதிகளிலும் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் விவசாயிகளிடையே காணப்படுகிறது. இந்நோய் முற்றும்வரை வெளியே தெரியாமலிருக்கலாம். ஆகவே அப்பகுதிகளில் வாழ்ந்தவர்கள் இரத்தமும் சிறுநீரும் சோதிக்காமல் பேதி எடுக்கவே கூடாது.

3. வயிற்றுவலிக்குக் காரணம் குடல்வால் அழற்சியாகவோ குடல் அடைப்பாகவோ இருந்தால், பேதிமருந்து குடலை வெடிக்கச் செய்து உயிருக்கே ஆபத்தை விளைவிக்கலாம்.

4. சலரோகம், பிறஷர், வலிப்பு ஆகியவற்றுக்கு எடுக்கும் குளிசைகளும் கருத்தடைக் குளிசைகளும் உடலில் சேராமலே வெளியேறிவிடக்கூடும்.

5. குழாய் குடலைத் துளைக்கலாம். சுத்தமற்ற கருவி நோயைப் பரப்பலாம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1978 முதல் 1980 வரை, ஒரே நிலையத்தில் குடல் கழுவியவர்களுள் குறைந்தது 36 பேருக்கு அமீபா நோய் தொற்றியது. அவர்களில் 10 பேருக்குப் பெருங்குடலை வெட்டி அகற்ற வேண்டியிருந்தது. அந்தப் பத்துப்பேரில் 6 பேர் இறந்தனர்.

6. நேர்வாளம் நச்சு விதை. அளவு சற்றுக் கூடினாலும் உயிராபத்து ஏற்படும்.

சித்த, ஆயுர்வேத வைத்தியத்தில் பேதி ஒரு முறையான சிகிச்சை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அங்கும் வயதையும் உடல் பலத்தையும் நோயையும் பார்த்தே வைத்தியர் மருந்தைத் தீர்மானிப்பார். சந்தையில் பொட்டலம் வாங்கிக் குடிப்பது அந்தச் சிகிச்சை ஆகாது.

வைத்தியர் சொல்லாமல் எடுக்கக்கூடாதவர்கள்

கர்ப்பிணித் தாய்மார் (ஆமணக்கெண்ணெய் கருப்பையைச் சுருங்கச் செய்யலாம்), பாலூட்டும் தாய்மார், சிறுபிள்ளைகள், முதியோர், இருதய நோயாளர், சிறுநீரக நோயாளர், சலரோகக்காரர், சிறுநீர் போவதற்கான குளிசை எடுப்போர், வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தோர், குடலிறக்கம் உள்ளோர். காய்ச்சல் உள்ளவர்களும் எடுக்கக்கூடாது. டெங்குக் காய்ச்சலில் கடும் வயிற்றுவலியும் வாந்தியும் ஆபத்தின் அறிகுறிகள். அவ்வேளையில் பேதி எடுத்து உடல் நீரை இழப்பது நோயாளியை மரணத்தருகே கொண்டுபோகும்.

தாமதிக்காமல் காட்ட வேண்டிய அறிகுறிகள்

• மலத்தில் இரத்தம், அல்லது தார்போன்ற கருமலம். (இரும்புச்சத்துக் குளிசையாலும் மலம் கறுக்கும். அக்குளிசை எடுப்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.)
• காரணமின்றி உடல் மெலிதல், வெளிறிப்போதல், கண் மஞ்சளாதல்.
• வயிறு நாளுக்கு நாள் பெருத்தல், கால் வீங்குதல்.
• மலம் கழிக்கும் வழக்கம் வாரக்கணக்கில் மாறியிருத்தல், சிறப்பாக 50 வயதுக்கு மேல்.
• ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்குப் புதிதாகத் தோன்றி நீடிக்கும் பொருமல். சூலகப் புற்றுநோயும் இவ்வாறு தொடங்கலாம். “வாயுதானே” என்று அம்மாமாரை வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

கடும் வலியும் வாந்தியும் வந்து, மலமும் வாயுவும் முற்றாக நின்றுவிட்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

நாமே செய்யக்கூடியவை

மேற்சொன்ன அறிகுறிகள் இல்லையென்றால், இரண்டு வாரம் பின்வருமாறு செய்து பாருங்கள். என்ன சாப்பிட்டபோது வயிறு ஊதியது என்று ஒரு கொப்பியில் குறியுங்கள். பால்மாவைச் சில நாள் நிறுத்திப் பாருங்கள். பெரியவர்கள் பலருக்குப் பால் சமிபாடடைவதில்லை. கடலை, பயறு, கௌபியை இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு நன்றாக அவியுங்கள். ஆறுதலாக மென்று சாப்பிடுங்கள். சோடாவைத் தவிருங்கள். சீரகமோ இஞ்சியோ அவித்த தண்ணீர் அளவோடு குடிப்பதில் தவறில்லை.

மலச்சிக்கலும் பொருமலுக்கு முக்கிய காரணம். இடம்பெயர்ந்து வாழும் இடங்களில் மலசலகூடம் போதாமையாலும் மறைவும் வெளிச்சமும் இல்லாமையாலும் பெண்களும் பிள்ளைகளும் மலத்தை அடக்கிக்கொள்கின்றனர். இரவில் எழும்ப வேண்டிவரும் என்று தண்ணீரும் குடிப்பதில்லை. இதற்குப் பேதிமருந்து பதில் அல்ல. கதவுக்குத் தாழ்ப்பாளும் பாதைக்கு விளக்கும் வேண்டும். உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இதைக் கூட்டாகக் கேட்க வேண்டும். குடிநீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். அசுத்த நீரால் வரும் கிருமிகளும் பொருமலை உண்டாக்கும்.

ஏற்கெனவே பேதி எடுத்தவர் களைத்துப்போனால், ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரு பக்கற் ஜீவனியைக் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். ஜீவனி இல்லையெனில், ஒரு லீற்றர் நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். மயக்கம், சிறுநீர் போகாமை, இரத்தம், கடும் வலி இருந்தால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை.

இரண்டு வாரத்தில் பொருமல் குறையாவிட்டால், கொப்பியையும் நீங்கள் எடுக்கும் குளிசைகளையும் கொண்டு அரச வைத்தியசாலைக்குப் போங்கள். வீட்டில் குடித்த மருந்தையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். காரணம் தெரிந்தபின் எடுக்கும் மருந்தே பயன் தரும்.