மாடிப்படியில் பிடிபட்ட முழக்கம்

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்றொரு பெரிய வீடு இருக்கிறது. 1795-ல் ஏழைகளுக்கான விடுதியாகக் கட்டப்பட்டது. லெட் செப்பலின் ராக் குழு தன் நான்காவது ஆல்பத்துக்காக அங்கே போய்த் தங்கியபோது, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டியும் வாடகைக்கு வந்து வாசலில் நின்றது.

ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'வென் த லெவி பிரேக்ஸ்' (ஆற்றின் கரை உடையும்போது). ஏற்கெனவே ஒரு ஸ்டுடியோவில் முயன்று, சரிவராமல் விட்டிருந்தார்கள்.

அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் டிரம்ஸ் அதிராமல் இருக்கத் துணியைத் திணித்து, மைக்கை அருகிலேயே வைப்பது வழக்கம். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் நேர்மாறாகச் செய்தார். குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹாமின் டிரம் செட்டை வீட்டு முன்கூடத்தில், மாடிப்படியின் அடியில் போட்டார்கள். மேலே படிகளின் திருப்பத்திலிருந்து இரண்டே இரண்டு மைக்குகள் கீழ்நோக்கித் தொங்கின. பான்ஹாம் ஓங்கி மிதித்த ஒவ்வொரு மிதியும் கல்லிலும் சுவரிலும் மோதி, வீட்டின் உயரத்தையே ஏறிக் கடந்துதான் மைக்கைச் சேர்ந்தது. அதற்குமேல் ஒரு எக்கோ கருவி. பிறகு டேப்பின் வேகத்தையும் குறைத்தார்கள். தாளம் இன்னும் கனத்தது. ஏழு நிமிடப் பாட்டின் முதல் சில நொடிகளைக் கேட்டாலே போதும், அந்தக் கூடத்தின் அளவு காதுக்குத் தெரிந்துவிடும். ராக் இசையில் இதைவிடச் சிறந்த டிரம்ஸ் ஒலிப்பதிவைச் சொல்வது கடினம். 1986-ல் பீஸ்டி பாய்ஸ் என்ற ஹிப்-ஹாப் குழு தங்கள் முதல் ஆல்பத்தைத் தொடங்கியதே இந்தத் தாளத்தை வெட்டி எடுத்துத்தான்.

ஆனால் பாட்டு லெட் செப்பலினுடையது அல்ல. மெம்ஃபிஸ் மின்னியும் அவர் கணவர் கன்சாஸ் ஜோ மெக்காயும் 1929 ஜூனில் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பதிவு செய்த ப்ளூஸ் பாட்டு அது. இரண்டு கிதார், ஒரு குரல், அவ்வளவுதான்.

அவர்கள் பாடியது நடந்த கதை. 1927 ஏப்ரல் 21 அன்று, மிசிசிப்பி மாநிலத்தின் மவுண்ட்ஸ் லேண்டிங்கில் மிசிசிப்பி ஆற்றின் கரை உடைத்துக்கொண்டது. அந்த ஆண்டு வெள்ளத்தில் ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் வீடிழந்தார்கள். உடைப்புக்கு முன்பு மண்மூட்டை சுமந்து கரையை உயர்த்தியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். துப்பாக்கி முனையில் வேலை வாங்கப்பட்டவர்களும் உண்டு. வெள்ளம் சூழ்ந்த பிறகு, கிரீன்வில் நகரில் ஆயிரக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் கரைமேலேயே முகாமிட்டுக் கிடந்தன. மீட்கப் படகுகள் வந்தன. ஆனால், போனவர்கள் திரும்ப மாட்டார்கள், பருத்திக் காட்டுக்கு ஆள் கிடைக்காது என்று அஞ்சிய தோட்ட முதலாளிகள் அவர்களை அனுப்பவிடவில்லை. வெள்ளத்தைவிட இந்தக் கொடுமைதான் அதிகம் வலிக்கிறது.

1971 நவம்பரில் ஆல்பம் வெளியானபோது, பாட்டை எழுதியவர்கள் வரிசையில் குழுவின் நால்வரோடு மெம்ஃபிஸ் மின்னியின் பெயரும் இருந்தது. பழைய ப்ளூஸ் பாட்டுகளை எடுத்தாண்டு, உரியவர் பெயரைச் சொல்லாமல் விட்டதற்காக வழக்குகளைச் சந்தித்த குழு இது. அந்த வகையில் இது நல்ல காரியம். ஆனால் 1929 இசைத்தட்டில் பாடிய குரல் ஜோவுடையது. அவர் பெயர் விடுபட்டுப்போனது. அவர் 1950-லேயே இறந்துவிட்டார். மின்னி 1973-ல் மெம்ஃபிஸில் காலமானார். அவர் கல்லறைக்குப் பெயர்ப்பலகைக் கல் நட 1996 வரை ஆனது. அதற்குப் பணம் கொடுத்தவர் பாடகி போனி ரெய்ட்.

ஹெட்லி கிரேஞ்ச் வாசலில் நின்ற அதே வண்டியை, ஆல்பம் வெளிவந்த அடுத்த மாதமே டீப் பர்ப்பிள் குழு சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோனது. மான்ட்ரோவில் அவர்கள் பதிவுசெய்யவிருந்த சூதாட்ட விடுதி அவர்கள் கண்முன்னே தீப்பிடித்து எரிந்தது. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)