ஒரு கண்ணை மூடு, கண்ணு!

"நீங்களும் வாங்க மதினி, ஒரு நாள்தானே! பிள்ளைகளை வரிசையில் நிறுத்த, உயரம் எடை குறிக்க ஆள் வேணும்" என்று எங்கள் மாதர் சங்கத்துப் பெண் கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பத்தாவது வரை படித்தவள் நான். மருத்துவ முகாமில் எனக்கு என்ன வேலை? "அப்போ அடுப்படியை யார் பார்ப்பா?" என்றேன். "ஒரு நாளைக்கு ரசமும் அப்பளமும் போதும், போயிட்டு வா" என்று என் வீட்டுக்காரரே சொல்லிவிட்டார். வேறு வழி?

சிவகாசியிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். வழியெல்லாம் சீமைக் கருவேல், நடுநடுவே பட்டாசு ஆபீஸ்கள். ஆம், எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ் என்றுதான் பேச்சு.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, விடியுமுன்னே ஆபீஸ் பஸ் வந்துவிடும். என்னோடு படித்த பிள்ளைகள் சிலர் படிப்பை விட்டுவிட்டு, தூங்கி வழிந்துகொண்டே அதில் ஏறிப் போவார்கள். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தும் பஸ் நிற்கவில்லை. 1996 டிசம்பரில், எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில், சட்டத்தை மீறிப் பிள்ளையை வேலைக்கு வைக்கும் முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கே சிவகாசிப் பிள்ளைகளுக்காக வந்ததுதான்!

இன்று அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் யூனிஃபாரம் போட்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனசு நிறைந்தது. ஆனால் வகுப்பில் உட்கார்ந்தால் மட்டும் போதுமா? கரும்பலகை கண்ணுக்குத் தெரிய வேண்டாமா? அதை அன்றுதான் நான் கற்றுக்கொண்டேன்.

பள்ளி வராண்டாவில் நாலு மேஜை. ஒன்றில் உயரமும் எடையும், ஒன்றில் பல், ஒன்றில் கீழ் இமையை இழுத்துப் பார்த்து இரத்தசோகை உண்டா என்ற சோதனை, கடைசியில் கண். என்னைக் கண் மேஜைக்கு விட்டார்கள். அங்கே மதுரையிலிருந்து வந்திருந்த கண் பரிசோதகர் இருந்தார்.

எங்கள் வட்டாரத்துக்குக் கண் முகாம் புதிதல்ல. 1976-ல், அரசு வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி.வெங்கடசாமி, மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் வளைந்துபோன விரல்களை வைத்துக்கொண்டே ஆபரேஷன் செய்தவர். நோயாளியால் வர முடியாவிட்டால் நாம் போவோம் என்று கிராமம் கிராமமாக முகாம் நடத்தினார். அந்த வழி இன்று பலருக்கும் வழியாகிவிட்டது.

எனக்குக் கொடுத்த வேலை சுலபமானது. 20 அடி தூரத்தில் ஓர் அட்டை. அதில் ஆங்கில 'ஈ' எழுத்து பல பக்கம் திரும்பியபடி, மேலே பெரிசாகவும் கீழே போகப் போகச் சிறிசாகவும் இருக்கும். எழுத்துத் தெரியாத பிள்ளைகூட, அதன் கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று கையால் காட்டினால் போதும். முதலில் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூட வேண்டும், அப்புறம் மறு கண்ணை.

இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். ரிப்பன் வைத்த இரட்டைச் சடை. இடது கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரை கடகடவென்று காட்டினாள். வலது கண்ணை மூடச் சொன்னேன். தலையைச் சாய்த்து, விரலை விலக்கி, இடுக்கு வழியே பார்த்தாள்.

"ஏ பிள்ளை, திருட்டுத்தனமா பாக்காதே! ஒழுங்கா மூடு" என்று அதட்டினேன். மறுபடியும் அதேதான். கையைப் பிடித்து நானே அழுத்தினேன். பிள்ளை விசும்ப ஆரம்பித்துவிட்டது.

பரிசோதகர் எழுந்து வந்தார். "அம்மா, அவள் திருட்டுத்தனம் பண்ணவில்லை. அந்தக் கண்ணை மூடினால் அவளுக்கு அட்டையே தெரியவில்லை. அதனால்தான் விரலை விலக்குகிறாள்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என் மகன் மூன்றாவது படிக்கையில், கரும்பலகையைப் பார்த்துத் தப்பும் தவறுமாக எழுதிக்கொண்டு வந்ததற்கு முதுகில் வைத்த அடிகள் ஞாபகம் வந்தன. அவனுக்குக் கண்ணாடி வேண்டும் என்று தெரிந்தது ஐந்தாவதில்தான்!

இதைச் 'சோம்பேறிக் கண்' என்கிறார்கள். பிறவியிலேயே ஒரு கண்ணில் பவர் அதிகமாக இருந்தால், அல்லது மாறுகண் இருந்தால், அந்தக் கண்ணிலிருந்து மங்கலான உருவமே மூளைக்குப் போகும். மூளை அதைத் தள்ளிவிட்டு, நல்ல கண்ணையே நம்பிக்கொள்ளும். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது பிள்ளை ஓடும், ஆடும், படிக்கும். ஒரு கண் வேலை செய்யவில்லை என்பது பெற்றவளுக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் நல்ல குணம் கிடைக்கும். வயது ஏற ஏற, கண்ணாடி போட்டாலும் பார்வையை மீட்பது கடினம்.

அந்தப் பிள்ளைக்கு வயது ஏழு.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனோம். அம்மாக்காரி வெடி ஆபீஸிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கையெல்லாம் அலுமினியத் தூள். "நல்லாத்தானேக்கா இருக்கா? மதுரைக்குப் போனா ஒரு நாள் கூலி போச்சே" என்றாள். பாட்டியோ, "பொட்டப்பிள்ளைக்குக் கண்ணாடி மாட்டிவிட்டா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்றாள். "நானும் கண்ணாடிதான் பாட்டி" என்றேன். "நீ கல்யாணத்துக்கு அப்புறம்தானே தாயி போட்டே!" என்றாளே பார்க்கலாம்! எனக்குப் பதில் இல்லை.

சுவரில் சிவகாசி டெய்லி காலண்டர் தொங்கியது. பிள்ளையை எதிர்க் கோடியில் வாசலில் நிறுத்தி, அம்மாவையே அவள் கண்ணை மூடச் சொன்னேன். இடது கண்ணை மூடினாள். "பதினேழு" என்றது பிள்ளை. வலது கண்ணை மூடினாள். பிள்ளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "செவப்பா என்னமோ இருக்கும்மா" என்றது.

அம்மா அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏழு வருசமா கூடவே இருக்கேன், தெரியலியேக்கா" என்றாள். அடுத்த வாரம் முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனார்கள். துணைக்கு நானும் போனேன்.

கண்ணாடி கொடுத்தார்கள். சோம்பேறிக் கண்ணுக்கு வேலை கொடுப்பதற்காக, நல்ல கண்ணைத் தினமும் டாக்டர் சொன்ன நேரம் வரை ஒட்டி மூட வேண்டும். முதலில் ஒரே அழுகை, அடம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைய வைப்பாளாம். ஆறு மாதம் கழித்து, அட்டையில் மூன்று வரி கூடுதலாகக் காட்டினாள். முழுசாக வரவில்லை, இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சகோதரிகளே, 2013 முதல் அரசின் சிறுவர் நலத் திட்டத்தில், நடமாடும் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும், அங்கன்வாடிகளுக்கு இரண்டு முறையும் வருகின்றன. அன்றைக்குப் பிள்ளையை லீவு போட வைக்காதீர்கள். தனியார் பள்ளியில் படித்தால் நீங்களே கூட்டிப்போய்க் காட்டுங்கள். கீழே உள்ளவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம்:

* புத்தகத்தை மூக்கருகே வைத்துப் படிப்பது, டி.வி.க்கு மிக அருகில் போவது.
* தலையைச் சாய்த்தோ கண்ணைச் சுருக்கியோ பார்ப்பது, மாறுகண்.
* படித்தால் தலைவலி, அடிக்கடி கண்ணைக் கசக்குவது.
* பொழுது சாய்ந்தால் தட்டுத் தடுமாறுவது. இது வைட்டமின் 'ஏ' குறைவான மாலைக்கண்ணாக இருக்கலாம். முருங்கைக்கீரை, பப்பாளி, காரட் தினசரிச் சாப்பாட்டில் இருக்கட்டும்.
* கருவிழி நடுவே வெள்ளையாகத் தெரிவது. இதற்கு ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

எதுவும் இல்லாவிட்டாலும், இன்று சாயங்காலம் விளக்கேற்றிய கையோடு பிள்ளையைக் காலண்டருக்கு எதிரே பத்தடி தள்ளி நிறுத்துங்கள். ஒரு கண்ணுக்குத் தெரிவது மறு கண்ணுக்கும் அதே தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். இது டாக்டர் பார்ப்பதற்கு ஈடாகாது, ஆனால் டாக்டரிடம் போக வேண்டுமா என்று சொல்லிவிடும்.

விரல் இடுக்கு வழியே பார்த்தால் மட்டும், என்னைப் போல அதட்டிவிடாதீர்கள்!