ஆறு நிமிடக் கணக்கு

நீதவான் நீதிமன்ற விறாந்தையில் தாபரிப்பு வழக்கொன்றுக்காகக் காத்திருந்தபோது, என்னுடன் வந்த சகோதரி கேட்டார்: "மிஸ், லோயர் அம்மா என்னோட ரெண்டு நிமிசமும் கதைக்கேல்லை. அவவுக்கு அப்பிடி என்ன அவசரம்?"

எமது நீதிமன்றங்களில் சட்டத்தரணிகள் பெரும்பாலும் தவணைக்கு இவ்வளவு என்றே கட்டணம் பெறுகின்றனர். ஒரு காலையில் பல வழக்குகளுக்கு ஓடினால்தான் வருமானம். அமெரிக்காவின் பெரிய சட்ட நிறுவனங்களிலோ நேரத்துக்கே விலை. மணித்தியாலத்தைப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு ஆறு நிமிடமும் எந்தக் கட்சிக்காரருக்காகச் செலவானது என்று எழுதவேண்டும்.

இக்கணக்கைப் பரப்பியவர்களுள் முக்கியமானவர் ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித். வியப்பு என்னவென்றால், அவர் பொஸ்ரன் நகரில் ஏழைகளுக்கான சட்ட உதவிச் சங்கத்தை நடத்தியவர். ஏழைகளுக்கு நீதி எட்டாதிருப்பது பற்றி 1919இல் நூல் எழுதியவர். பின்னர் தனியார் நிறுவனமொன்றில் நேரப் பதிவை ஒழுங்குமுறையாக்கினார். 1958இல் அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கம், ஒருவரால் ஆண்டுக்குச் சுமார் 1,300 மணித்தியாலங்களுக்கே கட்டணம் பெறமுடியும் என மதிப்பிட்டது. குறைந்தபட்சக் கட்டணப் பட்டியல்கள் சட்டவிரோதமென உயர் நீதிமன்றம் 1975இல் தீர்ப்பளித்தபின் மணித்தியாலக் கட்டணமே வழக்கமாயிற்று. இன்று பெரிய நிறுவனங்கள் 1,900, 2,000 மணித்தியாலங்கள் எதிர்பார்க்கின்றன. சாப்பாடு, கூட்டம், புதியவருக்குப் பழக்குதல் எதுவும் இதில் சேராது. ஆகவே எட்டு மணித்தியாலம் எழுத, பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் இருக்கவேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சலென்று வீட்டுக்கு ஓடிய தாயின் பதிவேட்டில் அந்தப் பிற்பகல் வெறுமையாகவே கிடக்கும். ஆண்டு முடிவில் பதவி உயர்வு பேசும்போது அந்த வெறுமைதான் முதலில் கண்ணில் படும். (வீட்டு வேலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது எமக்கொன்றும் புதினமல்ல.)

இதைச் சொன்னபோது சகோதரி சிரித்தார். "அப்ப அவையளுக்கும் எங்கட நிலைமைதான். ஆனா எழுதினாக் காசு வருது."

அன்று வழக்கு பன்னிரண்டு மணிக்கு அழைக்கப்பட்டு, இரண்டு நிமிடத்தில் தவணையிடப்பட்டது. அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டது காலை ஐந்தரைக்கு. தோட்டக் கூலி போயிற்று. பஸ் காசும் போயிற்று. சின்னவளை அயல்வீட்டில் விட்டிருந்தார்.

1978இன் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தோருக்குத் தாபரிப்பு வழக்குகளிலும் உதவுகின்றது. அங்கே செல்லுமுன் ஒரு கொப்பி வாங்கச் சொன்னேன். தவணைத் திகதி, புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், இழந்த கூலி எல்லாவற்றையும் எழுதட்டும். முதற் பக்கத்தை பஸ்ஸிலேயே எழுதிவிட்டார்.